சுத்த சைவப் பூனை

வடலூரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர்; ஞானசபைக்கு நடந்து போகிற தூரத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலடியில் பூனை.

“நம்ம மணி சுத்த சைவம் சார்.”

இதைச் சொல்ல அவருக்குச் சந்தர்ப்பமே வேண்டாம். பால் வாங்கும்போது சொல்வார். கரண்ட் பில் வரிசையில் சொல்வார். துக்க வீட்டில் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போது சொன்னதையும் கேட்டிருக்கிறேன். புலால் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்று சபை வாசலில் எழுதியிருக்கிறதே, மணி தாராளமாகப் போகலாம் என்பது அவர் கட்சி. அடுத்து பட்டியல் வரும்: காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார் சாதம், ராத்திரி பால் சோறு, தைப்பூசத்துக்குச் சர்க்கரைப் பொங்கல். “இனிப்புன்னா உசிர விட்டுடும்!” பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது, அதை உணர்த்தும் மரபணு பழுது என்று 2005-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மணி நக்குவது நெய்யை. சொன்னால், “அது வெளிநாட்டுப் பூனை சார்” என்கிறார்.

மணி மீசையில் பல்லி வாலோடு வந்தால், “விளையாடிட்டு வர்றான்.” ஞாயிற்றுக்கிழமை கடலூர் மீன்வண்டி ஹாரன் அடித்ததும் தெருவிலேயே முதல் ஆளாக ஓடினால், “வண்டிக்காரர்மேல அன்பு.”

மனுஷன் நல்லவர். 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாத ஊர் இது. தன் வாசலிலும் காக்கை, நாய் எதுவும் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது என்று வீம்பாக இருப்பவர்.

ஆனால் அந்தச் சாம்பார்! சின்ன வெங்காயம் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது. ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மூத்திரம் டிகாக்ஷன் நிறத்தில் போகும். பூண்டு அதைவிடக் கொடியது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. அந்தப் பேதி விழுவது என் வீட்டுக் கோலத்தின்மேல். டாரின் என்றொரு சத்து பூனைக்கு முக்கியமாக இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கண் போகும், இதயம் வீங்கித் தளரும். மணி இன்னும் கண் தெரிந்து திரிவது பல்லிகளின் தியாகத்தால். சைவம் இவருடைய விரதம். பூனையை யார் கேட்டார்கள்? பசி தீர்க்கிறேன் என்று ஒரு உயிருக்கு ஆகாததை வட்டிலில் கொட்டுவது என்ன ஜீவகாருண்யம்?

நானும் சொல்லிச் சொல்லி, போன வாரம் ஒருவழியாக இறங்கி வந்தார்.

“சரி சார், இன்னியோட வெங்காயச் சாம்பார் கிடையாது.”

“நல்லதுங்க.”

“பூண்டு ரசம் ஊத்திப் பெசஞ்சுடறேன். வாயுவுக்கு நல்லது பாருங்க.”