27 வெள்ளி 40 காசு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. சிங்கப்பூரின் டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் ஓர் அறை. பிறர் வீட்டில் பிள்ளை வளர்க்க வந்து, அடிபட்டோ சம்பளம் கிடைக்காமலோ வெளியே ஓடிவரும் பணிப்பெண்களுக்குக் கைகொடுக்கும் சின்னச் சங்கம் ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டம். சங்கத்துக்கு நான் கௌரவப் பொருளாளர். கௌரவம் என்னிடம் இருக்கிறது. பொருள்தான் யாரிடமும் இல்லை.

வந்திருந்தவர்கள் பதினொரு பேர். தேக்காவில் வாங்கி வந்த வடை இருபத்திரண்டு. கணக்கறிக்கை நான்கே பக்கம். வரவுப் பக்கத்தைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால் எல்லோரும் நேராகச் செலவுப் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் பக்கத்தில், 'போக்குவரத்து' என்ற வரியில் ஒரு பெரியவரின் விரல் வந்து நின்றது. ஆண்டுக்கு 200 வெள்ளி நன்கொடை தருபவர். காசோலையைக் கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்வார். முந்தைய ஆண்டு படம் சரியாக வரவில்லை என்று காசோலையைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை கொடுத்தார்.

"தம்பி, இந்த டாக்சி எதுக்கு? 27 வெள்ளி 40 காசு! இந்த ஊர்ல பஸ்ஸே இல்லையா?"

கோப்பைப் பிரித்து ரசீதைக் காட்டினேன். நேரம் நள்ளிரவு 2:11. ஓடிவந்த ஒரு பெண் ஏறிய இடம் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளம். ரசீதின் பின்பக்கம் செயலாளர் அக்கா பென்சிலில் குறித்து வைத்திருந்தார்: 'கையில் ஒரு பிளாஸ்டிக் பை. செருப்பு இல்லை.'

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். முகம் கொஞ்சம் இளகியது போலத்தான் இருந்தது. பிறகு சொன்னார்: "அது சரி. இருந்தாலும் நிர்வாகக் குழுகிட்ட முன்அனுமதி வாங்கியிருக்கலாம்ல?"

நியாயம்தான். அந்தப் பெண் அடுத்த முறை அடிவாங்கும்போது பதினான்கு நாள் முன்னறிவிப்போடு வாங்கினால் நாங்களும் முறைப்படி கூட்டம் போட்டு, தீர்மானம் முன்மொழிந்து, வழிமொழிந்து, டாக்சியை அழைப்போம்.

கணக்கு கேட்பது தவறு என்று சொல்ல வரவில்லை. பொதுப்பணத்தைத் தொட்டவன் காசுக்குக் காசு பதில் சொல்லத்தான் வேண்டும். பதிவு பெற்ற அறநிறுவனம் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அறநிறுவன ஆணையரிடம் ஆண்டறிக்கை தர வேண்டும். திரட்டும் நன்கொடையில் திரட்டுவதற்கான செலவு 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நல்ல விதிகள். உண்டியல் குலுக்கிகளைப் பார்த்த ஊருக்குத் தேவையான விதிகள். ஆனால் இந்த ஊரில் கணக்குக் காட்ட வேண்டியவர் பிச்சைப் பாத்திரம் ஏந்தியவர் மட்டும்தானா என்பதே என் எரிச்சல்.

எங்கள் அறைக்கு வெளியே வந்து பாருங்கள். ஒரு காலத்தில் இங்கே ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் ஊராரின் துணியைத் துவைத்துக் கரையில் உலர்த்தினார்கள். டோபி காட் என்ற பெயர் அதனால் வந்தது. ஓடை காணாமல் போய், இன்று மூன்று ரயில் தடங்கள் பூமிக்கடியில் சந்திக்கின்றன. நிலையத்தை ஒட்டி நிற்கும் ஏட்ரியம் கட்டடத்தில் அரசுக்குச் சொந்தமான தெமாசெக் முதலீட்டு நிறுவனம் இருக்கிறது. 2025 மார்ச் 31 நிலவரப்படி அதன் நிகர முதலீட்டு மதிப்பு 434 பில்லியன் வெள்ளி. இன்னும் நாலு எட்டு வைத்தால் அதிபர் மாளிகையான இஸ்தானாவின் வாசல். இடையில் எங்கெங்கே நிழலும் புல்லும் உண்டோ அங்கெல்லாம் ஞாயிறுதோறும் பணிப்பெண்கள் விரிப்பைப் போட்டு, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, ஊரிலிருக்கும் தம் பிள்ளையைக் கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள் நம்மவர்கள். தானேதான் வளர்கிறது. திரையில், மாதத்துக்கு நான்கு முறை. முதலாளி விட்டால்.

அந்த 'விட்டால்' என்பதற்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு. 2013 ஜனவரி முதல் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று விதி வந்தது. கூடவே ஒரு ஜன்னலும் திறந்துவைக்கப்பட்டது: இரு தரப்பும் சம்மதித்தால் ஓய்வுக்குப் பதிலாகக் காசு கொடுத்துவிடலாம். அந்த ஜன்னல் வழியாக முழு ஞாயிற்றுக்கிழமைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையாவது காசால் வாங்க முடியாது என்று ஆக்கினார்கள். மீதி மூன்று? விற்பனைக்குத்தான். மாதச் சம்பளம் 600 வெள்ளி என்றால் அதை 26ஆல் வகுத்து ஒரு நாளுக்கு 23 வெள்ளி 8 காசு. ஆர்ச்சர்ட் சாலையில் இரண்டு பேர் காப்பியும் கேக்கும் சாப்பிடுகிற தொகை. நம் வீட்டுக் குழந்தையை ஆறு நாள் தூக்கிச் சுமந்த இடுப்பின் ஏழாம் நாளை அந்த விலைக்கு வாங்கிவிட்டு, 'அவளுக்கே வெளியே போகப் பிடிக்காது' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்கிறோம்.

இதே வேலையை ஒருத்தி பாலர் நிலையத்தில் செய்தால் அவள் ஊழியர். 1968ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம் அவளுக்குப் பொருந்தும்; சம்பளம் ஒரு வரம்புக்குள் இருந்தால் வேலை நேரத்துக்கும் மிகைநேரத்துக்கும் அவள் கேள்வி கேட்கலாம். வீட்டுக்குள் வைத்து அதே குழந்தையின் அதே மூக்கைத் துடைத்தால் அந்தச் சட்டத்தில் அவளுக்கு இடமில்லை. இல்லப் பணிப்பெண்களை அந்தச் சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. அவள் எப்போது படுத்தாள், எப்போது எழுந்தாள் என்பதற்கு மணிக்கணக்கு எதுவும் கிடையாது.

இன்னொரு விதி. எழுதும்போதே கை கூசுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு மருத்துவப் பரிசோதனை. அதில் அவள் கருவுற்றிருக்கிறாளா என்றும் பார்ப்பார்கள். கருவுற்றிருந்தால் வேலை அனுமதி போய்விடும், ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். நம் குழந்தை அவள் மடியில் தூங்கலாம்; அந்த மடியில் இன்னொன்று உருவாகக்கூடாது. தாய்மையின் பெருமை பற்றி அன்னையர் தினத்துக்குக் கவிதை வாசிக்கிறவர்கள் இந்த விதியை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும்.

சரி, அரசின் வரவுப் பக்கத்துக்கு வருவோம். ஒரு பணிப்பெண்ணுக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளி. வீட்டில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிங்கப்பூர்க் குழந்தையோ முதியவரோ இருந்தால் சலுகை: 60 வெள்ளி. நாட்டில் இப்போது ஏறக்குறைய 3 லட்சம் பணிப்பெண்கள். எல்லா வீட்டிலும் குழந்தை இருக்கிறது, எல்லோரும் வெறும் 60 வெள்ளிதான் கட்டுகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 21 கோடியே 60 லட்சம் வெள்ளி. இது நான் போட்ட மனக்கணக்கு, குறைத்துப் போட்டது. தீர்வை எதற்கு என்றால், வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கவாம். 2010 இறுதியில் 2 லட்சமாக இருந்தது. நன்றாகக் கட்டுப்படுத்தி 3 லட்சமாக்கிவிட்டோம்.

அந்தப் பணம் அரசின் பொது வரவில் சேர்கிறது. அதில் ஒரு காசுகூட அந்த நள்ளிரவு டாக்சியின் மீட்டரில் வந்து விழவில்லை.

எங்களுக்குக் கொடுக்க வருகிறவர்களும் வரிப் பலனைத்தான் முதலில் கேட்கிறார்கள். வரிவிலக்குத் தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு 100 வெள்ளி கொடுத்தால் வருமானக் கணக்கில் 250 வெள்ளியைக் கழித்துக்கொள்ளலாம். எங்கள் சங்கத்துக்கு அந்தத் தகுதி இல்லை. எங்களுக்குக் கொடுக்கும் 100 வெள்ளி, பாவம், வெறும் 100 வெள்ளியாகவே போய்விடுகிறது. இன்னொரு கூட்டம் உண்டு: "காசு நேரா அந்தப் பொண்ணு கைக்குப் போகணும், நிர்வாகத்துக்குப் போகக்கூடாது." நிர்வாகம் என்றால் என்ன என்று நினைக்கிறார்கள்? எங்கள் நிர்வாகம் ஒரு கைப்பேசி. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கிசுகிசுப்பாக அவள் கூப்பிடும்போது எடுப்பதற்கு. அதன் மாதக் கட்டணத்தை மட்டும் யாரும் தர மாட்டார்கள். அந்த பில்லைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள முடியாது அல்லவா.

எங்களைவிடப் பெரிய சங்கங்களின் பாடும் இதுதான். 2001இல் முவாவனாதுல் சசானா என்ற 19 வயது இந்தோனீசியப் பெண் முதலாளியிடம் அடிபட்டே இறந்தாள். அந்த அதிர்ச்சியில் பிரேமா மதி போன்றவர்கள் சேர்ந்து தொடங்கிய குழுதான் பிறகு 'டிடபிள்யூசி2' என்று பதிவானது. 2004இல் பிரிஜெட் டான் 'ஹோம்' அமைப்பைத் தொடங்கினார். அந்த 'ஹோம்' அமைப்பின் கணக்கில் பார்த்தி லியானி என்ற ஒரு பெயர் எத்தனை பக்கம் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சாங்கி விமான நிலையக் குழுமத்தின் அப்போதைய தலைவர் லியூ முன் லியோங் வீட்டில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு உழைத்த இந்தோனீசியப் பெண் அவர். 2016 அக்டோபரில் திடீரென்று வேலையை விட்டு அனுப்பினார்கள். மூட்டை கட்டச் சில மணி நேரம். பிறகு திருட்டுப் புகார். பழைய துணி, படுக்கை விரிப்பு, சமையல் சாமான், பழுதான டிவிடி கருவி என்று நீண்ட பட்டியல். 2019இல் 26 மாதச் சிறை என்று தீர்ப்பு. 2020 செப்டம்பர் 4 அன்று உயர்நீதிமன்ற நீதிபதி சான் செங் ஒன் அவரை விடுவித்தார். குற்றஞ்சாட்டிய குடும்பத்துக்கு உள்நோக்கம் இருந்தது என்று எழுதினார். இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டு அவர் படுத்த பாயும் சாப்பிட்ட சோறும் 'ஹோம்' காப்பகத்துடையவை. வழக்கறிஞர் அனில் பால்சந்தானி கட்டணம் வாங்கவில்லை.

இப்போது அந்தப் பெரியவரை அங்கே பொதுக்கூட்டத்தில் உட்கார வையுங்கள். "ஒரே ஆளுக்கு நான்கு ஆண்டு சாப்பாடா? பயனாளி ஒருவருக்கு ஆகும் சராசரிச் செலவு கூடிவிட்டதே?" கேட்டிருப்பார். ஓர் அப்பாவிக்கு எத்தனை கிலோ அரிசி என்று வரையறுக்கும் விதி இன்னும் வரவில்லை.

அரிசி என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. பியாங் ங்கைஹ் டான். மியன்மாரிலிருந்து வந்தவள். ஊரில் மூன்று வயது மகன். இங்கே பிள்ளை பார்க்கும் வேலை. ஓய்வுநாள் கிடையாது, கைப்பேசி கிடையாது என்ற நிபந்தனையில் அமர்த்தப்பட்டாள். 2016 ஜூலையில் அவள் இறந்தபோது உடல் எடை 24 கிலோ. வேலைக்கு வந்த பதினான்கு மாதத்தில் 15 கிலோ கரைந்திருந்தது. வீட்டுக்குள் அவளைக் கண்காணிக்கப் பொருத்திய கேமராவே கடைசி 35 நாள் சித்திரவதைக்குச் சாட்சியானது. வீட்டு எஜமானிக்கு 2021இல் 30 ஆண்டுச் சிறை. அவருடைய தாயாருக்கும் சிறை. தீர்ப்பில் இருந்த பெயர்கள் நம் பெயர்கள். அந்த வாரம் சிராங்கூன் சாலையில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. 'எல்லா இனத்திலும் இருக்காங்க' என்றார்கள். இருக்கிறார்கள்தான். நான் நம் இனத்தின் கணக்கை மட்டும் கேட்கிறேன். கைப்பேசி இல்லாத அந்தப் பெண் எந்தச் சங்கத்தின் எந்த எண்ணைக் கூப்பிட்டிருப்பாள்?

பணிப்பெண்களின் உரிமைக்கென்று 2011இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. பிலிப்பீன்ஸ் அதை ஏற்று உறுதிசெய்தது. சிங்கப்பூர் செய்யவில்லை, இந்தியாவும் செய்யவில்லை, இலங்கையும் செய்யவில்லை. வாங்குகிறவரும் அனுப்புகிறவர்களில் பலரும் இதில் மட்டும் ஒரே கட்சி.

கூட்டத்துக்குத் திரும்புகிறேன். பெரியவர் வடையைக் கடித்தபடி ஒரு யோசனை சொன்னார். அடுத்த ஆண்டு முதல் 20 வெள்ளிக்கு மேற்பட்ட ஒவ்வொரு டாக்சிக்கும் இரண்டு குழு உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். "வெளிப்படைத்தன்மை, தம்பி" என்றார். செயலாளர் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சார், உங்க வீட்ல வேலை செய்யற பொண்ணு இன்னைக்கு ஓய்வுநாள்ல வெளியே போயிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"பேத்திக்கு லேசா காய்ச்சல். அவதான் பார்த்துக்கிட்டு இருக்கா. அதுக்குக் காசு கொடுத்துடுவோம்ல" என்றார். வெட்கமே இல்லாமல், அன்பாகத்தான் சொன்னார். பத்துப் பேர் முன்னால் இப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று அக்கா பிறகு என்னைக் கடிந்துகொண்டார். இந்த ஆண்டு 200 வெள்ளி வரவில்லை. அறிக்கையின் அடுத்த பதிப்பில் அது 'நன்கொடைக் குறைவு' என்ற வரியில் ஏறும். காரணம் எழுத அங்கே கட்டம் இல்லை.

எங்கள் கணக்குகள் திறந்தே இருக்கின்றன. ரசீது மூன்றாம் கோப்பில், பின்பக்கப் பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நீங்களும் வாருங்கள், கேள்வி கேளுங்கள், வடை தருகிறோம். வரும்போது உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளச் சீட்டையும், போன ஆண்டு அவள் வெளியே போன ஞாயிற்றுக்கிழமைகளின் பட்டியலையும் கையோடு எடுத்து வாருங்கள். இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போம்.