தாய்மாரின் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் பிள்ளை மெலிந்தால் தாய் ஒழுங்காகச் சாப்பாடு கொடுக்கவில்லை. கொழுத்தால் கண்டதையும் வாங்கிக் கொடுத்துவிட்டாள். சரியான நிறையில் இருந்தால் அது தகப்பன் வழி உடல்வாகு.

பள்ளிக்கூட விழா மேடையில் ஒரு பெரியவர் முழங்குகிறார்: "எங்கட அம்மா குரக்கன் பிட்டு அவிச்சுத் தந்தவா. இப்பத்தையான் தாய்மார் மிதிவெடியும் றோல்ஸும் வாங்கிக் குடுக்கினம்!" கைதட்டல். இறங்கி வந்தவருக்குத் தட்டில் றோல்ஸ், கிளாசில் சோடா. அம்மா பிட்டு அவிக்க எத்தனை மணிக்கு எழும்பினவா, ஐயா ஒருநாளாவது தேங்காய் துருவினவரா என்று கேட்க அங்கே ஆளில்லை. கேட்கக்கூடியவள் பருத்தித்துறையிலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸில் வந்து, யாழ் நகரத்துத் துணிக்கடையில் காலையிலிருந்து நின்றபடி சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வீடு சேர இருட்டிவிடும். தரம் ஐந்து புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற அவள் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு நேரே ரியூசன். ரியூசன் வாசலில் பலகாரக் கடை. விளையாட்டுக்கு நேர அட்டவணையில் இடமில்லை. சோறு பத்து மணிக்கு, நித்திரை பதினொன்றுக்கு. தாயின் நீண்ட வேலைநேரத்தைப் பிள்ளையின் எடையோடு சேர்த்துப் பார்த்த வெளிநாட்டு ஆய்வுகள் சிலவும் குறைந்த நித்திரை, அவசரச் சாப்பாடு என்றுதான் காரணம் தேடுகின்றன. தாய் தலைப்பில் வந்துவிடுவாள். அவளை வேலை வாங்குகிறவர் அடிக்குறிப்பிலும் வரமாட்டார்.

அரசாங்கத்தின் பிள்ளைப்பாசம் இன்னும் பெரிது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று 2013இல் தடுத்தது. குடும்பப் பின்னணி அறிக்கையும் கேட்டது. கட்டாருக்குப் போகிற தகப்பனிடம் அந்தத் தாளைக் கேட்கவில்லை. அவர் போனால் பிள்ளை தானாக வளரும் போலும். 2022இல் டொலர் தீர்ந்தது. ஜூனில் அமைச்சரவை ஐந்தை இரண்டாக்கியது. இலங்கைப் பிள்ளைகள் ஒரே இரவில் மூன்று வயது வளர்ந்துவிட்டார்கள்!

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்கிறது கிளினிக். கடையில் வேலை செய்பவளுக்கு 84 வேலைநாள் பிரசவ லீவு என்கிறது சட்டம். கணக்கு உதைக்கிறது, பழி மட்டும் சரியாக அவளிடமே வந்து சேர்கிறது. தகப்பன் அரச ஊழியர் என்றால் மூன்று நாள் லீவு. தனியாரிடம் வேலை என்றால் சட்டப்படி அதுவும் இல்லை.

அடுத்த முறை மேடையேறும் ஐயாமாரே, குரக்கனை விடுங்கோ. துணிக்கடையை ஐந்து மணிக்குப் பூட்டச் சொல்லிப் பேசுங்கோ. முதலாளி முன்வரிசையில்தான் இருப்பார். விழாவுக்குக் காசு தந்தவரும் அவர்தான்.