கூடத்தில் ஒரு சைக்கிள்

மின்சாரம் போன ராத்திரிகளில், வாசலில் ஸ்டாண்டு போட்ட சைக்கிளின் மேல் ஏறி, டைனமோவைப் பின்சக்கரத்தில் சாய்த்துவிட்டு, எதிர்வீட்டுத் திண்ணையில் வெளிச்சம் விழும்வரை மிதித்துத் தள்ளிய கூட்டத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள். விருத்தாசலத்தில் எங்கள் தெருப் பையன்கள் இதற்கு முறை வைத்திருந்தோம். ஒருவன் மிதிப்பான், இன்னொருவன் சுவரில் விரல்களை விரித்து மான் காட்டுவான், நாய் காட்டுவான். "செயின் தேயுதுடா, எறங்கு" என்று அப்பா அதட்டும்வரை, இருந்த இடத்திலேயே உலகத்தைச் சுற்றி வந்த களிப்பு எங்களுக்கு. இப்போது மகன் சென்னையிலிருந்து போன் செய்து, "இன்னும் பத்து நிமிஷம் மிதிங்கப்பா" என்று கெஞ்சுகிறான்.

சர்க்கரைக்கு மாத்திரை எழுதிய டாக்டர் நடக்கச் சொன்னார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ரோட்டில் சைக்கிள் மிதிக்கலாமென்றால் கரும்பு டிராக்டருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் தெருவில் மாத்திரை டப்பா இல்லாத வீடே கிடையாது. ஆகவே வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை மகன் ஆன்லைனில் போட்டுவிட்டான், அட்டைப்பெட்டியில் துண்டுதுண்டாக வந்து இறங்கியது, பக்கத்து வீட்டுப் பையன் ஸ்பேனரோடு வந்து மாட்டிக்கொடுத்தான்.

இதில் டைனமோ இல்லையென்றாலும் அதன் உறவுக்காரன் ஒருவன் உள்ளே இருக்கிறான். குமிழைத் திருகினால் காந்தம் கனத்த இரும்புச் சக்கரத்துக்கு அருகே நகர்கிறது, சுற்றுகிற உலோகத்தில் மின்னோட்டம் சுழித்துக் கிளம்பி, சுற்றுவதையே எதிர்த்து இழுக்கிறது, பெடல் கனக்கிறது. அன்றைக்கும் டைனமோவைச் சாய்த்தவுடன் பெடல் கனக்கும். ஆனால் அந்தக் கனம் முன்விளக்கில் வெளிச்சமாக வந்து நிற்கும், எதிரே வருகிறவர் முகம் தெரியும். இன்றைக்கு அதே உழைப்பு இரும்புக்குள் சூடாகக் கரைந்துபோகிறது.

ஆனாலும் ஏறி உட்கார்ந்ததும் என் கை தானாகத் தேடியது பின்பக்கத்தைத்தான். கேரியர் இல்லை.

கேரியர் இல்லாத சைக்கிளை எங்கள் ஊரில் யார் சைக்கிளென்று சொல்லியிருப்பார்கள்? அறுபதுகளில் அரசு அமைத்த செராமிக் தொழிற்பேட்டையில் ஊரில் பாதிப்பேர் ஏதாவதொரு வேலை செய்தார்கள். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வந்த களிமண்ணைக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக் காத்திருந்தால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் ஓரமாக ஒட்டிக்கொள்ளும். நடுவிலுள்ள மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அச்சைப் பிரித்தால் உள்ளே ஈரத்தோடு ஒரு தவழும் கண்ணன். சூளையில் வெந்து, பளபளப்பேறி வெளியே வருகிற அந்தக் கண்ணன்களை வைக்கோல் மடித்த கூடையில் அடுக்கி, ரப்பர் டியூபால் கேரியரில் இறுக்கிக் கட்டி, ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோகிற வேலை கொஞ்சகாலம் எனக்கு வாய்த்தது. வேகமாகப் போகக்கூடாது, பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க வேண்டும், பின்னால் மெல்லிய 'கிணுக்' சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் எது ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், எது கழுத்து போன சத்தம் என்று என் காதுக்குத் தெரியும். வழியில் டீக்கடைக்காரர் ஒரு கை பிடித்துவிடுவார், யாரோ "மெதுவாப் போ தம்பி" என்பார்கள். மாசி மகத்துக்கோ அதே கேரியரில் அம்மா, பாரில் தங்கை, நடுவில் நான்; மணிமுத்தாற்றங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஊரோடு பேசி முடித்திருப்போம்.

தொழிற்பேட்டையில் இன்றும் சூளைகள் எரிகின்றன, பொம்மைகள் வருகின்றன. ஆனால் அங்கே செய்துவந்த ஊறுகாய் ஜாடியின் இடத்தைப் பிளாஸ்டிக்கும், பீங்கான் ஃபியூஸ் கட்டையின் இடத்தைச் சின்ன சுவிட்சுகளும் எடுத்துக்கொண்டன. நல்லதுதான், ஃபியூஸ் கம்பி போட இருட்டில் ஸ்டூல் மேல் ஏறி நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஜாடிக்காக மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. ஆவக்காய்க்கு அதைப்போல் இன்னொரு வீடு அமையவே இல்லை.

போகாத பயணத்துக்குக் கூட்டம் சேர்ந்த காலமும் இருந்தது. திடலில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒருவர் கீழே கால் ஊன்றாமல் நாள்கணக்காகச் சைக்கிளில் சுற்றுவார். அதன் மேலேயே குளிப்பார், சாப்பிடுவார், தலைவாருவார். ராத்திரி அவர் தூங்கிவிட்டால் என்ன செய்வதென்று கவலைப்பட்டு, பாயிலிருந்து எழுந்து திடலுக்கு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறேன். வட்டத்தை விட்டு ஓரடி நகரவில்லை அந்த மனிதர், ஆனாலும் ஊரே அவரோடு விழித்திருந்தது. கூடத்தில் தனியாக மிதிக்கிறபோது எனக்குக் குறைவதெல்லாம் அந்த ஊர்தான்.

இப்படியே முடிந்திருந்தால் இந்தச் சைக்கிளைத் துணி உலர்த்த விட்டிருப்போம். ஆனால் என் மனைவி ஏறினாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் என் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தே ஊரைப் பார்த்தவள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளிடம் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் அரசே சைக்கிள் கொடுத்தது. இரண்டுமே அவளுக்கு வாய்க்கவில்லை. விழுந்துவிடுவோமென்ற பயமில்லாத, யாரும் வேடிக்கை பார்க்காத ஒரு சைக்கிள் அவளுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடியை இறுகப் பற்றி, முதல் நாள் அவள் மிதித்த மிதியில் முகமெல்லாம் சிவந்து சிரித்ததை நான் மறக்கமாட்டேன்.

மீட்டரில் ஓடுகிற எண்ணை அவள் ஊர்களாக மாற்றிக்கொள்கிறாள். "ஏங்க, மணவாளநல்லூர் வந்துட்டேன்" என்று அங்கே கோயில்கொண்ட கொளஞ்சியப்பரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அடுத்தடுத்த நாட்களின் கிலோமீட்டர்களைச் சேர்த்துவைத்து நெய்வேலியை எட்டிய அன்று, மூச்சு வாங்க அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இன்னிக்கு உங்க ஊருக்கு வந்துட்டேன் தெரியுமா?"

"வந்தவ ஒரு வாய் காபி குடிக்காமத் திரும்பிட்டியாடி?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம்.