வட்டே இல்லை என்று சாதிக்கும் டிரைவ்

கேள்வி: கணினியின் டிவிடி டிரைவ் சிடியைப் படிக்கிறது; டிவிடியை விழுங்கிவிட்டு மட்டும் ‘வட்டைச் செருகவும்’ என்கிறது. எழுதவும் மறுக்கிறது. ஏன் இந்தப் பொய்?

பதில்: டிரைவ் பொய் சொல்வதில்லை, அதற்கு ஒரு கண் மங்கியிருக்கக்கூடும். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரும் டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும் தேவைப்படுவதால், பெரும்பாலான டிரைவ்களில் மின்சாரத்தை லேசர் ஒளியாக்கும் டையோடுகள் இரண்டு இடம்பெறுகின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் தளர்ந்துபோவதுண்டு. மேலும், சிடியின் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்க, டிவிடியில் அது 0.74 மைக்ரோமீட்டர் மட்டுமே என்பதால், சிடி பொறுத்துக்கொள்ளும் லென்சுத் தூசியை டிவிடி பொறுப்பதில்லை.

எழுதுவதோ இன்னும் கடினமான பணி. ஒருமுறை எழுதும் வட்டில் உள்ள சாயப்படலத்தை லேசரால் சுட்டுத் தழும்பிடுவதே ‘எழுத்து’ எனப்படுவதால், அதற்குப் படிப்பதைவிடப் பன்மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே முதுமையடையும் லேசர் முதலில் எழுதுவதையும் பின்னரே படிப்பதையும் கைவிடுகிறது. (எழுத்தாளர்களுக்கும் இது பொருந்துமா என்பது வேறு கேள்வி.)

ஆலையில் அச்சிட்ட திரைப்பட டிவிடி ஓடினால், குற்றம் வெற்று வட்டினுடையதாகவோ, எழுதும் ஆற்றலை மட்டும் இழந்த லேசரினுடையதாகவோ இருக்கலாம். ஓடாவிட்டால் லென்சைத் தூய்மை செய்து பார்க்கலாம். வட்டை வேட்டி நுனியால் சுழற்றித் துடைப்பது மட்டும் கூடாது. தடத்தின் போக்கிலேயே விழும் கீறல் தொடர்ச்சியான தரவை அழித்துப் பிழைதிருத்த முறையையே தோற்கடிக்கும் என்பதால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கியே துடைத்தல் வேண்டும்.