வங்கிக் கணக்கு எண்: 123456

மத்திய அரசின் திறன் இந்தியாவுக்கு ஒரு தூதர் தேவையென்றால் இந்த எண்ணையே நியமித்துவிடலாம். திறன் இந்தியாவின் முக்கியத் தொழிற்பயிற்சித் திட்டமான பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவில் பயிற்சி பெற்றவர்களின் பட்டியலில், வங்கிக் கணக்கு என்ற கட்டத்தில், யாரோ 123456 என்று தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேறொருவர் அந்தச் சிரமமும் படாமல் ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஒரே விரலால் அடித்துக் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். இவர்களாவது கடமை உணர்ச்சி உள்ளவர்கள். சுமார் 95.9 லட்சம் பேரின் பதிவுகளை, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி அமைப்பின் தணிக்கையாளர்கள் அலசியபோது, 94.53 சதவீதப் பதிவுகளில் அந்தக் கட்டம் காலியாகவோ பூஜ்யமாகவோதான் கிடந்தது.

ஆதார் வழியாகவே பணம் போய்விடும், வங்கி விவரம் கட்டாயமில்லை என்பது திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் விளக்கம். நல்லது. அப்படியானால் போயிருக்க வேண்டுமே? சான்றிதழ் வாங்கியவருக்குத் தரவேண்டிய 500 ரூபாய், 18.44 சதவீதம் பேருக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஐந்நூறு ரூபாயை ஒழுங்காக அனுப்பத் தெரியாதவர்கள்தான் நாட்டு இளைஞர்களுக்குத் திறமை கற்றுத்தரக் கிளம்பினார்கள்.

திட்டம் தொடங்கியது 2015 ஜூலையில். 2015 முதல் 2022 வரையிலான மூன்று கட்டங்களைப் பற்றிய சிஏஜி அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது 2025 டிசம்பரில். அதற்குள் நான்காம் கட்டமே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. பந்தி முடிந்து இலையை எடுத்த பிறகு உப்பு போதுமா என்று கேட்பதுபோல. நடுவில் யாருமே எச்சரிக்கவில்லையா என்றால், எச்சரித்தார்கள். பயிற்சிக்கான தரத்தை நிர்ணயிக்கும் துறைத் திறன் கவுன்சில்களை ஆராய 2016இல் அரசே சாரதா பிரசாத் குழுவை அமைத்தது. அது கடுமையாகத்தான் எழுதிக் கொடுத்தது. அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாங்கி வைப்பதில் நம் அலுவலகங்களுக்கு உள்ள திறனுக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

அறிக்கையில் என்னை மிகவும் எரிச்சல்படுத்தியது வங்கிக் கணக்குச் சங்கதி அல்ல. பயிற்சி எப்படி இருந்தது என்று பயிற்சி பெற்றவர்களையே கேட்டுவிடலாம் என்று தணிக்கையாளர்கள் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்ச் சேரவே இல்லை. வந்த பதில்கள் 171. அந்த 171இலும் 131 பதில்கள் ஒரே முகவரியிலிருந்தோ பயிற்சி மையங்களின் முகவரிகளிலிருந்தோ வந்தவை. மாணவர் சார்பில் சேர்ந்து, மாணவர் சார்பில் தேர்ச்சி பெற்று, கடைசியில் மாணவர் சார்பில் திருப்தியும் அடைந்துவிட்டார்கள்.

கவனியுங்கள், இந்தக் கேள்வியைக் கேட்டது கணக்கு பார்க்க வந்தவர்கள். பத்து வருடமாகக் கோடிக்கணக்கில் செலவழித்த இடத்தில், சான்றிதழ் வாங்கிப் போனவர் ஒரு வருடம் கழித்து எங்கே இருக்கிறார் என்று தேடிப்போய்க் கேட்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது என்கிறது கணக்கு. அந்த வேலை மூன்று மாதம் நீடித்ததா? பயிற்சிக்கே போகாத பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே வேலை அதே சம்பளத்தில் கிடைத்ததா? இதைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் ஆய்வு. அதற்குத்தான் காசு இல்லை. பேனருக்கு இருக்கிறது, டி-ஷர்ட்டுக்கு இருக்கிறது, கைரேகை இயந்திரத்துக்கு இருக்கிறது.

இதே திட்டத்தில் ஆர்பிஎல் என்று ஒரு பிரிவு. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்கு ‘உங்களுக்கு வேலை தெரியும்’ என்று சான்றிதழ் தருவது. பன்னிரண்டு மணி நேர அறிமுக வகுப்பு, அப்புறம் ஒரு பரீட்சை என்பதுதான் அப்போதைய வழக்கம். இருபது வருடமாகச் சுவர் எழுப்பும் ஒரு கொத்தனாரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கரணையைக் கீழே வைக்கச் சொல்லி, கூலியையும் விடச் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். வாழ்நாளில் கலவை குழைத்தறியாத அசெஸ்ஸர் தம்பி கேட்கிறார்:

“ஐயா, தூக்குக்குண்டு எதுக்குப் பயன்படுது?”

“நீங்க சாஞ்சு நிக்கிற அந்தச் செவுரு விழாம இருக்க, தம்பி.”

“கரெக்ட். பாஸ்.”

தலையில் புதுத் தொப்பி, கையில் சர்டிபிகேட், குழுவாக ஒரு போட்டோ. கொத்தனார் கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்கிறார்: “இத வச்சா மேஸ்திரி கூலி கூட்டுவாரா தம்பி?” தம்பிக்குத் தெரியாது. தம்பிக்குச் சம்பளம் கொடுப்பவருக்கும் தெரியாது. சான்றிதழ் பெற்றவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்று மேடையில் முழங்கியபோது, அதில் கணிசமான பங்கு இப்படி ஏற்கெனவே வேலை தெரிந்திருந்தவர்கள்தான்.

பயிற்சியால் பலன் உண்டா என்று கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில், ஜேடிபிஏ என்ற தொழிற்பயிற்சித் திட்டத்தைச் சோதிக்க 16 இடங்களில் ஏறத்தாழ 20,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பயிற்சி உண்டு, மறுபகுதிக்கு இல்லை. பிறகு இருதரப்பின் வருமானத்தையும் பல மாதங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்குக் கொஞ்சம் பலன். பள்ளியை விட்ட இளைஞர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை. உடனே அவர்களுடைய நாடாளுமன்றம் இளைஞர் பிரிவின் நிதியை வெட்டியது. வெட்டியது சரியா என்பது வேறு சண்டை. திருத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் விடை தெரிந்த பிறகு போட்ட சண்டை அது. நம் ஊரில் சண்டைக்கே வழியில்லை. விடை தெரியாதவரை எல்லாத் திட்டமும் வெற்றிதான். அதனால்தான் விடை தேட யாரும் காசு தருவதில்லை. மறதியாலோ வறுமையாலோ அல்ல.

2025 பிப்ரவரியில், 2026 வரைக்குமாக, 8,800 கோடி ரூபாய்க்குத் திறன் இந்தியாவை நீட்டித்தது மத்திய அமைச்சரவை. நூற்றுக்கு ஒரு ரூபாய் எடுத்தால் 88 கோடி. வீடு தேடிப் போய், சான்றிதழ் வாங்கியவர்களிடமும் வாங்காதவர்களிடமும் உட்கார்ந்து பேசிவிட்டு, ஒரு வருடம் கழித்து மறுபடியும் போய்ப் பேச அது தாராளம். வருகிற அறிக்கையை, அடுத்த கட்டத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்பே வெளியிட வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. வேண்டுமானால் டெண்டரே விடட்டும். ஆனால் பயிற்சி மையம் நடத்துபவரின் மச்சான் மட்டும் அதில் கலந்துகொள்ளக் கூடாது.