எழுபது வளைவு மனு மாமா

தாலுகா என்று ஒன்று இருந்தால் அதற்குத் தாசில்தார் ஒருவர் இருப்பார். தாசில்தார் அலுவலகம் இருந்தால் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கும். டீக்கடை இருந்தால் பெஞ்சின் ஓரத்தில் மனு மாமா இருப்பார். தாசில்தாரை அரசு நியமிக்கிறது. மாமா தாமாகவே பொறுப்பேற்றுக்கொள்கிறார். தாசில்தாருக்கு மாற்றல் உண்டு, ஓய்வு வயது உண்டு. மாமாவுக்கு இரண்டும் கிடையாது.

தமிழ்நாடு முழுக்கக் காணக்கிடைக்கும் இனம்தான் இது. ஆனாலும் கொல்லிமலை வட்டத்தின் தலைமையிடமான செம்மேட்டில் விளைகிற மாமாவுக்கு, அந்த மலை மிளகுக்கு உள்ள காரம் உண்டு. இயற்பெயர் என்னவென்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் யோசிப்பார்கள். ரேஷன் கார்டில் இருக்கும் என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

மாமாவின் அலுவலகம் ஒரு ரெக்சின் பை. அதற்குள் வெள்ளைத் தாள் ஒரு கட்டு, கார்பன், கோந்து, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்புகள், ஒப்புகை அட்டைகள், ஓரம் மடிந்த பழைய மனுக்களின் ஜெராக்ஸ். அவரைப் புரோக்கர் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது; கோபித்துக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிடுவார். புரோக்கர் காசு வாங்கிக்கொண்டு காகிதத்தைத் தானே போய் வாங்கி வருவார். மாமா காசு வாங்க மாட்டார். ஆனால் உங்களையேதான் போக வைப்பார். எந்த அறை, எந்த பீரோ, எந்த நாளில் போனால் எழுத்தர் சீட்டில் இருப்பார் என்பதெல்லாம் சொல்லி அனுப்புவார். கட்டணம் ஒரு டீ. மேல்முறையீடு என்றால் கூட ஒரு போண்டா.

கொல்லிமலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வது மாமாவுக்குப் பிடிக்காது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறிவரும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் அவரிடம் எந்தக் காகிதத்தின் பெயரைச் சொன்னாலும், அது மேல் காகிதமா கீழ்க் காகிதமா என்றுதான் முதலில் பிரிப்பார். சிட்டா, அடங்கல், வருமானச் சான்று, நூறு நாள் வேலை அட்டை, ஊராட்சித் தீர்மானம் எல்லாம் மேல் காகிதம். கீழ்க் காகிதத்துக்குக் கையில் எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏற வேண்டும். 70 வளைவு இறங்கி, ‘இது உங்க தாலுகா ஆபீசுலயே இருக்கும்மா’ என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு 70 வளைவு ஏறியவர்கள் இந்த மலையில் அநேகர். அந்த 140 வளைவை மிச்சப்படுத்திக் கொடுப்பதுதான் தமது சமூக சேவை என்பது மாமாவின் கணக்கு.

கீழ்க் காகிதங்களில் முதல் மரியாதை சாதிச் சான்றுக்கு. மற்றச் சாதிச் சான்றுகள் தாலுகா அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றில் மட்டும் வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். அவர் இருப்பது நாமக்கல்லில். மலைமேல் வாழ்பவர்களோ பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். எல்லாருக்கும் தேவைப்படுகிற காகிதத்தின் கையெழுத்து மட்டும் கீழே இருக்கிறது. இப்போது விண்ணப்பம் இ-சேவை மையத்தின் வழியாகப் பறந்து போகிறது என்றாலும், பெற்றோர் சான்று எங்கே, தாத்தாவுக்கு என்ன ஆதாரம் என்று கேள்வி திரும்பி வரும்போது மனிதர்தான் நடக்க வேண்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டங்கள்தான் இருக்கின்றன. நாமக்கல் இல்லை. வெளியூர்க் கல்லூரியில் ஒரு புதிய எழுத்தர் மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, “லிஸ்ட்ல நாமக்கல்லே இல்லையேப்பா?” என்று கேட்டுவிட்டால் பையன் திருதிருவென்று விழிக்கக் கூடாது. அதற்காக மாமா மே மாதத்தில் பெஞ்சிலேயே பாடம் நடத்துகிறார்.

“நாமக்கல் மாவட்டம் எப்பப் பொறந்துச்சு?”

“1997 ஜனவரி ஒண்ணு மாமா.”

“அதுக்கு முன்னாடி?”

“சேலம் மாமா.”

“அப்ப நீ யாரு?”

“சேலத்துல இருந்து பிரிஞ்ச நாமக்கல் மலையாளி மாமா.”

“போய்ட்டு வா கண்ணு. பீஸ் ரசீதை மட்டும் தொலைச்சுறாத.”

செம்மேட்டுக்காரர்களுக்கு வேறொரு தலைவலி உண்டு. கைப்பேசியில் பட்டா பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, இளைஞன் ஒருவன் சிக்னலைத் துரத்தி மேட்டில் ஏறி நிற்கிறான். மாவட்டம் வந்தது, வட்டம் வந்தது. கிராமப் பட்டியலில் மட்டும் செம்மேடு வரவில்லை. பஸ் நிலையம் இருக்கிறது, வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, தாலுகா அலுவலகமே இருக்கிறது, ஊரைக் காணவில்லை. பதறிப்போய் மாமாவிடம் ஓடி வருகிறான்.

“அரசாங்கத்துக்குச் செம்மேட்டைத் தெரியாது தம்பி. வாழவந்தி நாடுன்னு தேடு.”

மலையில் ஊராட்சிகள் 14. வாழவந்தி, வளப்பூர், அரியூர், ஆலத்தூர், குண்டூர், தேவனூர், திண்ணனூர் என்று எதைச் சொன்னாலும் பின்னால் ‘நாடு’ ஒட்டிக்கொண்டு வரும். பதினாலு நாடும் சேர்ந்தது கொல்லிமலை ஊராட்சி ஒன்றியம். “அதனால பி.டி.ஓ. ஆபீசுதான் நம்ம ஐக்கிய நாடுகள் சபை. அங்கயும் பேசுவாங்க, இங்கயும் பேசுவாங்க” என்பது மாமாவின் உலக அரசியல் அறிவு.

மாமாவின் வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கலாம்: 2005 அக்டோபர் 12-க்கு முன், பின். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அதற்கு முன்பு அவர் ‘சமூகம் அய்யா அவர்களுக்கு’ என்று தொடங்கி ‘தங்கள் பாதம் பணிந்து’ என்று முடிப்பவர். அதற்குப் பின் பிரிவு எண் போட்டுத் தொடங்குகிறார். பாதம் பணிவதை மட்டும் பழக்கதோஷத்தில் சில காலம் விடவில்லை. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டினால் 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் சரியான அலுவலகத்துக்கு அவர்களே 5 நாளில் அனுப்ப வேண்டும். பதில் தராத தகவல் அலுவலருக்கு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் விதிக்கலாம். இவற்றை மாமா பெருக்கல் வாய்ப்பாட்டை விட வேகமாகச் சொல்வார். ஆவணத்தை நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம் என்பதால், எந்தக் கோப்பிலிருந்தும் ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

இந்தச் சட்டத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்தத் தெரியாமல் வீணாக்குகிறார்கள் என்பதில்தான் அவருக்கு மெய்யான துக்கம்.

“ஏனுங் மாமா, எங்க ஊர் ரோடு ரெண்டே மழையில போயிருச்சு. ஏன் போச்சுன்னு கேட்டு எழுதிக் குடுங்க.”

“ஏன்னு கேக்கக் கூடாது கண்ணு.”

“கேக்கலாம்னுதான் சட்டம்ங்கிறாங்க?”

“இருக்குற காகிதத்தைக் கேக்கலாம். ‘ஏன்’னு ஒரு காகிதம் எந்த ஆபீசுலயும் இல்ல. அப்படி எழுதுனா, ‘தாங்கள் கோருவது தகவல் அல்ல’ன்னு ஒரே வரியில முடிச்சுருவாங்க. நீ மதிப்பீட்டு நகல் கேளு. வேலை உத்தரவு நகல் கேளு. அளவுப் புத்தகம், அதான் எம்-புக், அதோட நகல் கேளு. ஜல்லி எத்தனை கனம் போட்டதா எழுதியிருக்குன்னு எம்-புக் சொல்லும். ரோட்டுல எத்தனை கனம் இருக்குன்னு நீயே ஒரு ஓரமாத் தோண்டிப் பாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சீன்னா, ‘ஏன்’ தானாப் பேசும்.”

எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை என்கிறது 6-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு. வந்தவர்களுக்கோ அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. சும்மா போய்க் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம். “மகளுக்கு வரன் வந்திருக்கு, ஒரு வார்த்தை சேர்த்துக்குங்க மாமா” என்பார் ஒரு அம்மா. அளவுப் புத்தகத்துக்கும் அவர் மகளின் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மாமா எடுத்துச் சொல்வார். அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். கடைசியில், ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்ற மூன்று சொற்களுக்குள் சமாதானம் ஏற்படும்.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரு பலவீனமும் வேண்டுமே. மாமாவின் பலவீனம் ‘நகல்’ என்ற பகுதி. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அந்த மண்ணில் பிறந்த மாமாவும் ஒரே மனுவால் ஐந்து பேரை அடிக்கப் பார்ப்பார். பெறுநர் வட்டார வளர்ச்சி அலுவலர். நகல் வட்டாட்சியருக்கு, கோட்டாட்சியருக்கு, மாவட்ட ஆட்சியருக்கு, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு. மனு சென்னை வரை போகும். ‘தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்ற முத்திரையோடு ஒவ்வொரு படியாக இறங்கும். 70 வளைவும் ஏறும். கடைசியில் கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் வந்து நிற்கும். அங்கே உடும்புப் பிடிதான், நகராது.

ஆடிப் பதினெட்டை ஒட்டி ஊரெல்லாம் ஓரி விழா கொண்டாடும். மாமாவின் திருவிழா அதற்கு முன்பே ஜமாபந்தியில் வந்துவிடும். வருவாய்த் துறையின் ஆண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது. 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. பசலி முடிவதை ஒட்டிக் கோடையில் கிராம நிர்வாக அலுவலர்கள் எல்லாரும் ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல் என்று தத்தம் கணக்குகளைச் சுமந்துகொண்டு தாலுகா அலுவலகத்துக்கு வருவார்கள். ஆள் இருந்தால் ஏடு இல்லை, ஏடு இருந்தால் ஆள் இல்லை என்பது வருஷம் முழுக்க உள்ள நிலைமை. ஜமாபந்தியில்தான் இரண்டும் ஒரே பந்தலின் கீழ் அகப்படும். அன்று மாமா சலவை வேட்டியில் வருவார். ஏதோ ஒரு நாட்டின் ‘அ’ பதிவேட்டை யாராவது திறந்தால் போதும், பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் புல எண்ணைப் படித்துவிடுவார்.

கிராமசபையும் அவருக்கு நல்ல நாள்தான். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று நான்காக இருந்தது, 2022-இல் மார்ச் 22-ஐயும் நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறானது. கூட்டம் தொடங்கியதும் எழுந்து, “போன கூட்டத் தீர்மானத்தைப் படிச்சிட்டு மேல போங்க” என்பார். உடனே தீர்மானப் புத்தகத்தைத் தேட ஒருவர் ஓடுவார். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதில் மாமாவுக்குச் சற்று ஏமாற்றம். “தலைவர்னா பதில் தெரியாட்டிக் கோவப்படுவாரு. எந்தக் கேள்விக்குக் கோவப்படுறாருங்கிறதே ஒரு தகவல். ஆபீசர் சிரிச்சுக்கிட்டே ‘பார்க்கிறோம்’ங்கிறாரு. இதுல என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?”

மாமாவிடம் அவசரமாகப் போகக் கூடாது. பேரனுக்குப் பிறப்புச் சான்று வாங்க வந்தவரிடம், 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை, ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், அது கீழ்க் காகிதம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் அவர் மாமா இல்லை. லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டுக்கும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் எழுதிய கெசட்டியருக்கும் போவார். அங்கிருந்து எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத் தாவுவார். 1980-இல் எம்.ஜி.ஆர். பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவியை ஒழித்த கதையில் வந்து இளைப்பாறுவார். “அதுவரைக்கும் ஏடு கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியில இருந்துச்சு. அப்புறம் ஆபீசுக்கு வந்துச்சு. ஆபீசுக்கு வந்தா தேட ஆள் வேணுமே, அதான் நான் வந்தேன்.” பிறப்புச் சான்றுக்கு வந்தவர் இதற்குள் கடைசி பஸ்ஸை விட்டிருப்பார்.

இந்த ஆள் எதற்கு என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயமானதுதான். எந்த அலுவலகத்தில் என்ன வேலை நடக்கிறது, யாருக்கு என்ன அதிகாரம், என்னென்ன ஆவணங்கள் யார் பொறுப்பில் இருக்கின்றன என்று 17 தலைப்புகளில் ஒவ்வொரு அலுவலகமும், யாரும் கேட்காமலேயே, தானாக வெளியிட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு. சட்டம் நிறைவேறிய 120 நாளுக்குள் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்து, பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தால் மாமாவின் பெஞ்சு காலியாகியிருக்கும். டீக்கடைக்காரர் ஒருவருக்குத்தான் நஷ்டம்.

இதை அவரிடமே ஒருமுறை கேட்டுவிட்டார்கள். “அந்தப் பட்டியல் வந்துட்டா உம்ம பொழப்பு என்ன ஆகும் மாமா?”

மாமா ரெக்சின் பையைத் திறந்து ஒரு ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார். அந்தப் பதினேழு தலைப்புத் தகவலையும் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அவரே ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிய மனு அது. தமது பதவியை ஒழிக்கக் கோரித் தாமே மனுப் போட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். பதிலும் முப்பதாம் நாளில் முறையாக வந்திருந்தது: ‘தாங்கள் கோரிய தகவல்கள் அலுவலகத்தில் பராமரிக்கப்பட்டு வருகின்றன. அலுவலக நேரத்தில் நேரில் வந்து, உரியவரை அணுகித் தெரிந்துகொள்ளலாம்.’

“உரியவர் யாருன்னு அவங்களே போடல பாருங்க” என்று மாமா சந்தோஷமாக ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்தார். “அடுத்து யாருப்பா? வா, உக்காரு. மேல் காகிதமா, கீழ்க் காகிதமா?”