முப்பது நொடி துரியோதனன்

வாடா பேராண்டி. மூஞ்சிய ஏன் இப்பிடி தொங்கப் போட்டுக்கினு கீற? நம்ம கூத்து ஜமா கிறிக்கி அடிச்சு சுத்துறத போன்ல புடிச்சுப் போட்டியே, பாக்குறவன்லாம் ஒரு சுத்துக்குள்ளயே தள்ளிவுட்டுட்டுப் போயிடறானாமே. போவாம இன்னா பண்ணுவான்? திரை புடிக்கல, விருத்தம் பாடல, வந்தவன் துரியோதனனா துச்சாதனனான்னு சொல்லல. அரிதாரம் பூசின ஒருத்தன் சும்மா சுத்துனா, பேய் புடிச்சிக்கிச்சுன்னு நெனச்சிருப்பான். பாவம், வேப்பிலை தேடி ஓடியிருப்பான்.

நீ படிச்சவன், நான் கைநாட்டு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு வந்த கூட்டத்த விடியற வரைக்கும் ஒக்கார வெக்கிறதுதான்டா எனக்குப் பொழப்பே. ஜனங்க எந்த நொடியில எழுந்து போனாங்கன்னு யூடியூபு கோடு போட்டுக் காட்டுதுன்னு பெருமையா சொன்ன. எங்களுக்கு பாய் சுருட்டுற சத்தம் போதும். ரெண்டு பாய் சுருண்டா நம்ம கோமாளி கட்டியங்காரன் உள்ள பூந்துடுவான். ஊர் நாட்டாமையோட மாமியார் வரைக்கும் கிண்டல் பண்ணி, சுருட்டுன பாய திரும்ப விரிக்க வெச்சிட்டுத்தான் ராஜாவுக்கே வழி வுடுவான். உன் வீடியோவுல அவன் எங்க? அழகா இல்லன்னு வெட்டிட்ட.

கூத்து தொடங்குறதுக்கு முன்னால மேளக்கட்டு எதுக்கு அடிக்கிறோம்னு நெனச்ச? மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேந்து கெளப்புனா பக்கத்து ஊருக்குக் கேக்கணும். சோத்துல கை வெச்சவன், இன்னிக்குக் கூத்து கீதுன்னு அவசரமா முழுங்கிட்டு வரணும். உன் ஷார்ட்ஸும் அதுக்குத்தான். அடி, நல்லா அடி. 2024 அக்டோபர்லேந்து யூடியூபுக்காரன் மூணு நிமிசம் வரைக்கும் வுடறானாமே. ஆனா சத்தத்தக் கேட்டு வந்தவன் ஒக்கார கூத்துக் களரி எங்கடா? விடிய விடிய மேளக்கட்டே அடிச்சிக்கினு இருந்தா, வெத்தல பாக்கு வெச்சு நம்மள கூப்புட்டவனே புஜக்கட்டையப் புடுங்கி அடிப்பான்.

விளம்பரக் காசு வரணும்னா 1,000 சப்ஸ்கிரைபர் சேரணும், ஒரு வருசத்துக்குள்ள ஜனங்க 4,000 மணி நேரம் பாத்திருக்கணும்னு மூக்கால அழுவுற. ஷார்ட்ஸத் தள்ளித் தள்ளிப் பாக்குற நேரம் அந்த 4,000-ல சேராதாம். அதுக்கு வேற கணக்கு, 90 நாள்ல ஒரு கோடி தடவ பாக்கணுமாம். ஒரு கோடிய நீயே போய்ப் புடிச்சிக்கினு வா. நான் வெரல் வுட்டு எண்ணுறன், கேளு. ஒரு ராத்திரி கூத்து 8 மணி நேரம். 500 பேரு முழுசா ஒக்காந்தா 4,000 மணி நேரம் ஆச்சு. நடுவுல தூங்குறவனையும் சேத்துக்கோ, போன் பாட்டுக்கு ஓடிக்கினுதான இருக்கும். களரியில மட்டும் இன்னா, பாதி சனம் கொறட்டை வுட்டுக்கினு, கர்ணன் சாவுற நேரத்துக்கு டாண்ணு எழுந்து அழுவுதே!

இந்த 500 பேரு எங்க கீறான்னு கேளு. பெங்களூர்ல சாரத்துல நிக்கிறான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில நைட் ஷிப்டு பாக்குறான். ஊர்ல திரௌபதியம்மனுக்குக் கொடியேத்துனா லீவு கெடைக்காம வயிறெரியிறவன் அவன். அவனுக்கு ராத்திரி பூரா போடு. ஒரே வீடியோ 12 மணி நேரம் வரைக்கும் ஏத்தலாம்னு நீதான சொன்ன? நம்ம கூத்துக்குன்னே அளவெடுத்தாப்புல யூடியூபுக்காரன் எடம் வுட்டு வெச்சிருக்கான். நீ அதுல 30 நொடி கேட்டு நிக்கிற!

ஒண்ணு மட்டும் வெட்டு. நடுராத்திரியில பசங்க சினிமாப் பாட்டப் போட்டு ஆடுறானுங்களே, அது வேணாம். பாட்டுக்குச் சொந்தக்காரன் உரிமை கேட்டு வந்துடுவான். ஆடி முட்டி தேஞ்சது நம்மாளு, காசு அவனுக்கு.

அப்புறம், நேரலை வுடும்போது எவனாவது பணம் அனுப்புனா பேரு, ஊரு, தெரு எல்லாஞ் சொல்லி வாழ்த்தணும். களரியில 101 ரூபா குடுத்தவன் பேர தப்பா சொன்னா மைக்கப் புடுங்க வருவான். போன்ல வர மாட்டான், சத்தமில்லாம போயிடுவான். சண்டைக்கு வர்றவனயாவது சமாதானம் பண்ணி ஒக்கார வெக்கலாம்.

இத்தன யோசனைக்கும் கூலி வேணாம். ஆனா ஒண்ணு, திரௌபதியம்மன் திருவிழாவுல படுகளத்தன்னிக்கு மண்ணுல துரியோதனன் செஞ்சு படுக்க வெப்பாங்களே, அதத்தான் தம்ப்நெயில்ல போடணும்னு உங்கம்மா சொல்றா. மண்ணு துரியோதனன் எதுக்குடா? உசுரோட ஒருத்தன் உனக்கு எதிர்ல ஒக்காந்து கீறான்.